வெள்ளக்கரட்டுப் பிட்சரும் முதல் முளைப்பாரியும்

பூர்வீகம் தேடி இந்தியாவுக்குப் போகிற கூட்டத்தில் நான் சேர்த்தியில்லை. என் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்கிற ஆசையும் இல்லை. மலேசியாவில், தைப்பிங்கில், பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வெயிலில் பிள்ளைகளைப் பார்த்துக் கத்திக் கத்தியே குரல் ஆம்பிளைக் குரலாகிவிட்டது. மதுரைப் பக்கம் போனது ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வர. கூட்டிக்கொண்டு வர முடியவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளை ஏங்கவைத்துவிட்டுக் கடைசியில் கையை விரிக்கிற எழுத்து எனக்குப் பிடிக்காது.

அந்தப் பெண்ணின் பெயர் பாண்டிச்செல்வி. பேரையூருக்கு மேற்கே வெள்ளக்கரடு என்று ஒரு சிற்றூர், அங்கே பிறந்தவள். சாஃப்ட்பாலில் பிட்சர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பேஸ்பாலில் ஒருத்தி பந்தை எறிவாள், இன்னொருத்தி மட்டையால் அடிப்பாள், அடித்துவிட்டு நாலு மூலையையும் தொட்டு ஓடி வருவாள். பந்து கொஞ்சம் பெரிதாகவும், எறிகிற கை இடுப்புக்குக் கீழேயும் இருந்தால் அது சாஃப்ட்பால். எறிகிறவள்தான் பிட்சர். அவள் சரியில்லையென்றால் மற்ற எட்டுப் பேர் எவ்வளவு நன்றாக ஆடியும் பிரயோஜனமில்லை.

முந்தின வருடம் சென்னையில் ஒரு போட்டிக்கு நடுவராகப் போயிருந்தபோது செல்வி எறிவதைப் பார்த்தேன். அடிக்க நின்ற பெண்கள் பந்து போனபிறகு மட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நடுவர் சிரிக்கக் கூடாது. ஊருக்குத் திரும்பியதும் எங்கள் கிளப்பில் சண்டை பிடித்து அவளுக்கு ஓர் இடம் வாங்கினேன். ஆறு மாதம் தங்கி ஆடலாம், கூடவே பயிற்சியாளர் படிப்பும் முடிக்கலாம். பத்தொன்பது வயது நிரம்பாதவர்களுக்கு மட்டும்தான் அந்த இடம். அவளுக்கு அதுதான் கடைசி வருடம். குறிப்பிட்ட சனிக்கிழமை ஆள் நேரில் நின்று பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும்.

"பொம்பள ஆளு யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போனா அனுப்புறேன்" என்று அவள் அப்பா சொல்லியனுப்பினார். நல்ல தகப்பன் அப்படித்தான் சொல்வான். நானே கிளம்பினேன். பாஸ்போர்ட், விசாவுக்கு அலைந்த கதையை எழுதினால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். எல்லாம் முடிந்து கையில் இருந்தது, அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் இறங்கினேன். பங்குனி மாதம். எங்கள் தைப்பிங்கில் மத்தியானம் ஆனால் மழை கொட்டும், குடை இல்லாமல் யாரும் வெளியே போவதில்லை. இங்கே நான் குடையைப் பிடித்ததும் ஆட்டோக்காரர் வானத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

தங்கியது துளசிராம் வீட்டில். வங்கி வேலை, விடுமுறை நாட்களில் பேஸ்பால் நடுவர். சௌராஷ்டிரக் குடும்பம். முன்னோர்கள் குஜராத் பக்கத்திலிருந்து வந்த நெசவாளர்கள். வாசலுக்கு வெளியே அசல் மதுரைத் தமிழ் பேசுவார்கள், உள்ளே போனால் அவர்களுடைய பாஷை. அவர் மனைவி கோதாவரி எனக்கு இட்லி வைத்துக்கொண்டே கணவரிடம் ஏதோ சொன்னார். அவர் தட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னவாம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல டீச்சர்."

"என்னைப் பற்றித்தானே? சொல்லுங்க."

"மட்டை பிடிச்ச கைங்கிறாங்க, இட்லியத் தொடவே பயப்படுதேன்னு கேக்குறா."

வீம்புக்கு இன்னும் நாலு இட்லி வாங்கிச் சாப்பிட்டேன். சாயங்காலம் பருத்திப்பால் வேறு. எங்கள் ஊரில் நுரை பொங்க ஆற்றித் தருகிற டீயான தே தாரிக்குக் கோவில் கட்டுகிறவள் நான், ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பருத்திப்பாலில் ஏதோ இருக்கிறது. இரண்டாவது டம்ளரும் கேட்டேன். துளசிராம் அப்போது ஒரு விஷயம் சொன்னார். செல்வி அந்தப் பயிற்சியாளர் சான்றிதழோடு திரும்பினால் ரயில்வேயிலோ போலீசிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறதாம். "அந்தக் குடும்பத்துல மாசச் சம்பளம் பாத்த ஆளே கெடையாது டீச்சர்" என்றார்.

திங்கட்கிழமை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். ஏறினேன் என்பது சும்மா வார்த்தை. பின்னால் வந்தவர்கள் ஏற்றிவிட்டார்கள். ஜன்னல் வழியே ஒருவர் துண்டு போட்டு இடம் பிடித்தார், அது தன் இடம் என்று இன்னொருவர் சண்டைக்குப் போனார். நடுவில் நான் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பேரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரி என்று முகத்தில் எழுதியிருக்கிறது போலிருக்கிறது.

உசிலம்பட்டி தாண்டி பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடியில் எட்டிப் பார்த்தார், தலையைச் சொறிந்தார், பீடி பற்றவைத்தார். அந்த வரிசையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, சீக்கிரம் கிளம்பாது. ஒரு வேப்பமரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்தோம். ஒரு அம்மாள் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துக் காரச்சேவு கொடுத்தார். கண்டக்டர் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"எங்க போகணும்னு சொன்னீக? வெள்ளக்கரடா? அப்ப நீங்கதான் மலேசியா டீச்சரா! நம்ம ஊருதான். நானும் ஆடுனவன்தேன். செகண்டு பேஸு. பேரு செல்வம்."

அதன் பிறகு அவர் வாய் ஓயவில்லை. வெள்ளக்கரட்டில் பேஸ்பால் ஆடாத குடும்பமே கிடையாதாம். முன்னொரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பாதிரியாரும் அவர் மனைவியும் தெற்குத் தெருப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் வைத்திருந்தார்கள். கூலி வேலை பார்க்கிற ஜனங்கள், சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. மற்ற தெருக்காரர்கள் தங்கள் பிள்ளைகளோடு சேர்க்கமாட்டார்கள். அந்தத் துரையம்மாதான் புளியங்கட்டையைச் செதுக்கச் சொல்லி மட்டை செய்து, ஆட்டுத்தோலில் கையுறை தைக்கச் சொல்லி, பிள்ளைகளுக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது. ஆடுகிற இடம் வறண்ட கண்மாயின் உள்வாய். பிறகு வடக்குத் தெருப் பையன்கள் கரைமேல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பந்து பொறுக்கிப் போட்டார்கள். பிறகு இறங்கி ஆடினார்கள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. செல்வம் சொன்னதுதான் சரித்திரம்.

ஊர்ப் பெரிய மனிதர்களை எல்லாம் அவர் ஆட்டத்தை வைத்தே சொன்னார். பேச்சியம்மா, சேலையை வரிந்து கட்டி முதலில் இறங்கி ஆடிய பெண், இப்போது பரவை மார்க்கெட்டில் வெங்காய வியாபாரம். கோயில் கமிட்டித் தலைவர் தங்கவேல், வடக்குத் தெரு, அந்தக் காலத்தில் ஃபர்ஸ்ட் பேஸ், அதாவது முதல் மூலையைக் காக்கிறவர். செல்வியின் அப்பா கருப்பையா, தெற்குத் தெரு, கேச்சர், அதாவது பிட்சர் எறிவதைக் குத்தவைத்துப் பிடிக்கிறவர்.

"தங்கவேலு அண்ணே ஃபர்ஸ்ட் பேஸுல இருந்து பந்த எறிஞ்சா கருப்பையா கண்ண மூடிக்கிட்டுப் பிடிப்பாப்ல. கண்மாய்க்குள்ள ரெண்டு பேரும் மாப்ள மாப்ளன்னுதான் கூப்புட்டுக்குவாக."

"கண்மாய்க்கு வெளியே?"

செல்வம் காரச்சேவை மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். "கரை ஏறுனா அவுகவுக தெரு, டீச்சரம்மா."

மூன்றாவது பஸ்ஸில் ஏறி ஊர் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. என் இடது செருப்பின் வார் வழியிலேயே செத்துவிட்டது. தங்கவேல் நிறுத்தத்துக்கே வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தடித்த மீசை, நல்ல சிரிப்பு. "நம்ம வீட்டுல மாடி ரூம்பு சும்மா கெடக்கு, ஃபேன் இருக்கு, அங்க தங்கிக்கங்க" என்றார். செல்வி வீட்டில்தான் தங்குவேன் என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது, ஆனால் வற்புறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் வீட்டு டேபிள் ஃபேன் ஒன்று தெற்குத் தெருவுக்கு வந்து சேர்ந்தது. அவரை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

கருப்பையா வீட்டில் கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும். எங்கள் ஊரிலும் கருவாடு உண்டு, பார்த்துப் பயந்தவள் இல்லை. ஆனால் அந்தக் காரம், அம்மாடி! தண்ணீர் குடித்தேன், மோர் குடித்தேன், மறுபடி தண்ணீர். செல்வியின் அம்மா மூக்கம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். செல்வி ஒல்லியான பெண். சாப்பிடும்போது அதிகம் பேசவில்லை. கை கழுவிவிட்டு வந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அங்க கிரவுண்டு பூரா புல்லா டீச்சர்? விழுந்தா முட்டி பேராதுல்ல?" என்பதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை அவளை வழியனுப்ப கண்மாயில் ஓர் ஆட்டம் வைத்திருந்தார்கள். கிழவர்கள் ஒரு பக்கம், பெண்பிள்ளைகள் ஒரு பக்கம். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மூலைகளுக்கு அடையாளமாகச் சாக்குத் துண்டு போட்டு மேலே கல் வைத்திருந்தார்கள். கல்லை வைக்காதீர்கள், பிள்ளைகள் விழுவார்கள் என்று நான் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை. இந்தத் தொழிலில் எனக்கு அது பழகிப்போனது.

தங்கவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மட்டையோடு நின்றார். செல்வி எறிந்தாள். முதல் பந்துக்கு அவர் அசையவில்லை. இரண்டாவதுக்குச் சுழற்றினார், காற்றைத்தான் அடித்தார். மூன்றாவது பந்தில் மட்டையே கையை விட்டுப் பறந்தது. கரை முழுக்கச் சிரிப்பு. மகள் எறிவதைப் பிடிக்கப் பின்னால் குந்தியிருந்த கருப்பையா, "மாப்ள, வீட்டுக்குப் போ மாப்ள!" என்று கத்தினார். தங்கவேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இப்படி ஒரு காலையை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை நானும் செல்வியும் மதுரைக்குக் கிளம்ப வேண்டும். வியாழக்கிழமை சென்னையில் விமானம். அவளுடைய பை தயாராக இருந்தது.

மத்தியானம் தெருவில் மேளச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தங்கவேலும் கோயில் கமிட்டிக்காரர்கள் நாலைந்து பேரும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சள் புடவையோடு தெற்குத் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தார்கள். வீடுகளிலிருந்து ஜனங்கள் வெளியே வந்து அப்படியே நின்றார்கள்.

தங்கவேல் கருப்பையா வாசலில் நின்று சத்தமாகச் சொன்னார். "இன்னைக்கு அந்தியில மாரியம்மனுக்குக் காப்புக் கட்டு. இந்த வருசம் மொத காப்பும் மொத மொளப்பாரியும் பாண்டிச்செல்விக்கு. நம்ம ஊர்லருந்து ப்ளேன்ல வெளிநாடு போற மொத ஆளு அவதான். ஊரு சார்பா மரியாத செய்யணும்னு முடிவு பண்ணியிருக்கோம்."

கருப்பையா அசையாமல் நின்றார். தங்கவேல் தாம்பாளத்தை நீட்டினார். "வாங்கிக்க மாப்ள."

கண்மாய்க்கு வெளியே அந்த வார்த்தையை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. தெருவே அதைக் கேட்டது. கருப்பையா இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். மூக்கம்மா அழுதுவிட்டார். பொய் சொல்வானேன், நான் கைகூடத் தட்டினேன், முட்டாள் மாதிரி.

அவர்கள் போனபிறகுதான் பக்கத்து வீட்டுப் பெண் எனக்கு விளக்கினாள். முளைப்பாரி என்பது மண்சட்டியில் பயறு விதைத்து, வெயில் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து, எட்டாம் நாள் முளைத்து நிற்கிறதைத் தலையில் சுமந்து ஊர்வலம் போவது. காப்புக் கட்டிக்கொள்கிறவர்கள்தான் விதைக்கலாம். கட்டிக்கொண்டால், திருவிழா முடிகிற வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

"தாண்டினால்?"

"தாண்ட மாட்டாக" என்றாள், அதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல.

எனக்கு வந்த கோபத்தில், வார் அறுந்த செருப்போடு தங்கவேலைத் தேடி டீக்கடைக்குப் போனேன். நான் போவது தெரியாமல் உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது: "பந்து எறியத் தெரிஞ்சா மொளப்பாரி தூக்கலாமா? என்னைக்குமில்லாத வழக்கமா இருக்கு." என்னைப் பார்த்ததும் அந்த ஆள் டீயைக் குடித்தார்.

"நாளைக் காலையில் அவள் கிளம்ப வேண்டும், தெரியுமா தெரியாதா?" என்று தங்கவேலைக் கேட்டேன்.

அவர் சாந்தமாகச் சொன்னார். "தெரியும் டீச்சரம்மா. ப்ளேன் தெனமும் போகுதுல்ல? இந்த வியாழக்கெழம போறத அடுத்த வியாழக்கெழம போனா என்ன? சாமி காரியம்னு ஒரு போனப் போட்டுச் சொல்லுங்க. அங்கயும் மாரியம்மன் கோயிலு இருக்குன்னு நீங்கதான சொன்னீக? அவுகளுக்குத் தெரியாதா?"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனப்பூர்வமாக நம்பினார். சாமிக்குக் காப்புக் கட்டியிருக்கிறது என்றால் காத்திருக்காத மனிதர்கள் உலகத்தில் எங்காவது இருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து தைப்பிங்குக்குப் பேசினேன். கிளப் செயலாளர் சீனர், தங்கமான மனிதர், ஆனால் விதி என்றால் விதி. மலாயில் அவர் கேட்டதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "கையில் கயிறா? அவிழ்த்துவிட்டு வரச் சொல்லேன்." நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். சனிக்கிழமை ஆள் நிற்காவிட்டால் காத்திருப்பில் இருக்கிற பெண்ணை எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை என்றார்.

திரும்பவும் தங்கவேலிடம் போனேன். வேறு யாருக்காவது அந்த மரியாதையைக் கொடுங்கள், அவள் அம்மாவுக்கே கொடுங்கள் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"வடக்குத் தெரு ஆளுகளச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு மாசமாப் பேசியிருக்கேன். மலேசியா போற புள்ளன்னு சொல்லித்தான் வழிக்குக் கொண்டாந்தேன். இப்ப ஆள மாத்துனா, இதான் சாக்குன்னு ஒடச்சுருவாக."

கருப்பையா வீட்டு வாசலில் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரைத் திட்டத்தான் வந்தேன். "செல்வியைக் கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"கேக்கலம்மா" என்றார். "எங்கய்யா அந்தக் கோயிலுக்கு வெளிய நின்னுதான் கும்புட்டாரு. நானும் வெளியதான். எம்மவ உள்ள போயி கைய நீட்டுனா பூசாரி காப்புக் கட்டுவாருங்கிறாக. தாம்பாளத்தப் பாத்ததும் எனக்கு ப்ளேனு நெனப்பே வரல."

செல்வி வீட்டுக்குப் பின்னால் இருந்தாள். ஒரு மண்சுவரில் பந்தை எறிந்துகொண்டிருந்தாள். சுவர் பொத்துப்போயிருந்தது. நான் போய் நின்றதும் நிறுத்தவில்லை. எறிவாள், எடுத்துக்கொண்டு வருவாள், மறுபடி எறிவாள்.

"இப்போதே கிளம்பினால் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்" என்றேன். "காப்பு இன்னும் கட்டவில்லை. உனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. நீ வருகிறேன் என்றால் யாரும் தடுக்க முடியாது, நான் பார்த்துக்கொள்கிறேன்."

"தெரியும் டீச்சர்."

"அப்புறம்?"

பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "நான் பாட்டுக்குப் போயிருவேன். எங்கப்பா இந்த ஊர்ல இருக்கணும்ல? குடுத்த மரியாதய வீசிட்டுப் போனவ அப்பன்னு காலம் பூராச் சொல்லுவாக. இனிமே எங்க தெருவுக்குத் தாம்பாளம் வருமா?" மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது டீச்சர். யாரு மேலன்னுதான் தெரியல. எல்லாரும் நல்லதுதான செஞ்சாக."

பிறகு, "நானாத்தான் இருந்துட்டேன்னு அங்க சொல்லுங்க. எங்கப்பா விடலன்னு சொல்லிறாதீக" என்றாள். அதற்காகத்தான் இதை இப்படி விவரமாக எழுதுகிறேன்.

அந்திக்கு எல்லாரும் கோயிலுக்குப் போனோம். மஞ்சள் புடவையில் செல்வி. பின்னால் தோளில் துண்டோடு கருப்பையா. வடக்குத் தெரு வரும்போது பழக்கதோஷத்தில் அவர் கை துண்டை எடுக்கப் போனது, மூக்கம்மா அதட்டினார், அவர் விட்டுவிட்டார். பூசாரி மஞ்சள் கயிற்றைச் செல்வியின் வலது மணிக்கட்டில் கட்டினார். அவள் எறிகிற கை அது. கருப்பையா கோயிலுக்குள் நின்று கூப்பிய கையை இறக்கவே இல்லை. அந்த முகத்தைப் பார்த்தபிறகு எனக்குக் கோபப்படக்கூட முடியாமல் போயிற்று. அதுவே பெரிய துக்கமாக இருந்தது.

புதன்கிழமை காலை தனியாகக் கிளம்பினேன். செல்வி எல்லைக்கல் வரை வந்தாள். பஸ் வந்தது, அதே செல்வம். என்னையும், என் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தையும் பார்த்துவிட்டு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். அன்றைக்கு பஸ் வழியில் எங்கும் பழுதாகி நிற்கவில்லை. துளசிராம் வீட்டில் கோதாவரி கதையைக் கேட்டு, தன் பாஷையில் கணவரிடம் வெகுநேரம் பொருமினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, எல்லாம் புரிந்தது. அந்தச் சனிக்கிழமை தைப்பிங்கில் ஈப்போப் பெண் ஒருத்தி அந்த இடத்தில் பதிவு செய்தாள். சுமாரான பிட்சர்.

அடுத்த வருடம் சென்னைப் போட்டிக்கு மறுபடி நடுவராகப் போனேன். முடிந்ததும் மனசு கேட்காமல் வெள்ளக்கரட்டுக்கு பஸ் ஏறினேன். பங்குனிதான். காப்புக் கட்ட இன்னும் ஒரு வாரம் இருந்தது.

டீக்கடையில் தங்கவேல் இருந்தார். அன்பாக எழுந்து நின்றார், பெஞ்சைத் துண்டால் தட்டினார், டீ சொன்னார். இந்த வருடம் முதல் முளைப்பாரி யாருக்கு என்று கேட்டேன்.

"வடக்குத் தெருவுக்குத்தான் டீச்சரம்மா. பழைய வழக்கம்தான்."

"தெற்குத் தெருவுக்கு?"

அவர் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். "கேட்டேன். கேக்காம இல்ல. மலேசியா போற புள்ளன்னு சொன்னதாலதான் போன வருசம் விட்டோம், அவதான் போகலையேங்கிறாக. நான் என்னத்தச் சொல்ல?"

டீயைக் குடிக்காமல் எழுந்தேன்.

செல்வி அப்போதுதான் பஞ்சு மில்லிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். தலைமுடியிலெல்லாம் பஞ்சு. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குப் பத்தொன்பது முடிந்து பல மாதம் ஆகியிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கருப்பையா உள்ளேயிருந்து வேகமாக வந்தார். கையில் அவளுடைய பை.

"வருவீகன்னு எனக்குத் தெரியும் டீச்சரம்மா. காப்புக் கட்ட இன்னும் ஒரு வாரம் கெடக்கு. இன்னைக்கே கூட்டிட்டுப் போயிருங்க. யாரு தாம்பாளத்தத் தூக்கிட்டு வந்தாலும் இந்தத் தடவ நான் வாங்க மாட்டேன்."

நான் செல்வியைப் பார்த்தேன். அவள் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, வேண்டாம், சொல்லாதீர்கள் என்று தலையை ஆட்டினாள். அந்த இடத்துக்கு அவளுக்கு வயது தாண்டிவிட்டது, இனி எந்த வருடமும் கிடையாது என்பதை ஒரு வருடமாக அவருக்குச் சொல்லாமலே வைத்திருக்கிறாள்.

ஆடத் தெரியாத பிள்ளைக்கு நன்றாக ஆடினாய் என்றுகூட நான் சொன்னதில்லை.

"இந்த வருஷம் இடம் இல்லையாம்" என்றேன். "அடுத்த வருஷம் கூட்டிக்கொண்டு போகிறேன்."

"சரிம்மா" என்றார் கருப்பையா. பையைத் துடைத்துப் பரணில் ஏற்றிவைத்துவிட்டு, எனக்குச் சோறு போடச் சொன்னார்.